கறிவேப்பிலையும் பாலும் முட்டையும் ஆய்வகத்துக்குப் போன கதை: ஒரு தனியார் எச்சப் பரிசோதனைச் சேவையின் மதிப்புரை

கோயம்புத்தூரில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த 22 குடும்பங்கள் சேர்ந்து காய்கறி, பால், முட்டை ஆகியவற்றைச் சுற்றுவட்டார விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்கி வருகிறோம். மருந்து அடிக்காத பொருள் என்று விற்பவர் சொல்வதும், அதை நம்பிச் சந்தை விலையை விடச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்ட நிலையில், ஒரு முறையாவது இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நகரத்தை ஒட்டி இயங்கும் ஒரு தனியார் உணவுப் பகுப்பாய்வு நிலையத்தில், காரமடைப் பக்கத்துக் கறிவேப்பிலை, நாங்கள் அன்றாடம் வாங்கும் பசும்பால், நாமக்கல்லிலிருந்து வரும் முட்டை ஆகிய மூன்றையும் கொடுத்தேன். அந்த நிலையத்தின் சேவை எப்படி இருந்தது, கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதை இங்கே எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சந்தித்த குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்று பின்னர் தெரிந்துகொண்டதும் அதற்கு ஒரு காரணம்.

முதலில் கட்டணம். கறிவேப்பிலையில் ஒரே ஓட்டத்தில் பல பூச்சிக்கொல்லிகளைத் தேடும் சோதனைக்கு 6,500 ரூபாய், பாலில் ஆன்டிபயாடிக் சோதனைக்கு 900 ரூபாய், முட்டையில் நைட்ரோஃப்யூரான் என்னும் ஆன்டிபயாடிக் வகைக்கான சோதனைக்கு 4,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 14,042 ரூபாய் ஆனது. குடும்பத்துக்கு ஏறத்தாழ 640 ரூபாய். தனி ஒருவர் தம் வீட்டுச் சமையலுக்காகச் செலவிடக்கூடிய தொகை அல்ல இது.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆய்வகங்களின் தகுதியை மதிப்பிடும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அது போதாது என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 17025இன்படி வழங்கப்படும் அந்த அங்கீகாரம், கட்டடத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படும் சான்று அன்று. எந்த வகைப் பொருளில், எந்த வேதிப்பொருளை, எந்த முறையில் அளக்கலாம் என்று வரிவரியாக எழுதப்பட்ட பட்டியலுக்குக் கொடுக்கப்படுவது. குடிநீருக்கு அங்கீகாரம் பெற்ற ஒரு நிலையம் முட்டைக்கும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பட்டியல் என்ஏபிஎல் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. எங்கள் நல்ல நேரம், நாங்கள் கேட்ட மூன்றில் இரண்டு சோதனைகள் அந்த நிலையத்தின் பட்டியலில் இருந்தன. மூன்றாவது எது என்பதைப் பால் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

மாதிரி வாங்கும் இடத்தில் இருந்த பெண்ணுக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர், ஆய்வகத்துக்குப் போகிறதே என்ற மரியாதையில், கறிவேப்பிலையை நன்றாகக் கழுவி, துணியில் ஒற்றி உலர்த்திக் கொடுத்தனுப்பியிருந்தார். இலையைப் பார்த்த உடனே அந்தப் பெண், "இது கழுவினதுங்களா?" என்று கேட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டத்தில் உள்ள எச்ச வரம்பு, அதாவது உணவில் மிஞ்சியிருக்கும் மருந்துக்கான உச்ச அளவு, பொருள் எந்த நிலையில் விற்பனைக்கு வருகிறதோ அந்த நிலைக்கு உரியது. கழுவிய இலையை அளந்தால் கிடைக்கும் எண்ணை எந்த வரம்போடும் ஒப்பிட முடியாது. மறுநாள் ஒரே கட்டிலிருந்து எடுக்காமல், வந்த மூட்டையின் பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த அரைக் கிலோ இலையையும், ஒரு டஜன் முட்டையையும், ஐஸ் பொதிகளுக்கு நடுவே வைத்த அரை லிட்டர் பாலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெற்றுக்கொண்ட நேரம், மாதிரியின் வெப்பநிலை, உறையின் நிலை ஆகியவற்றை என் கண் முன்னேயே பதிவு செய்தார்கள்.

கேட்டதற்கு இணங்கி, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கவும் அனுமதித்தார்கள். மாதிரியை உறைநிலையில் அரைத்து, சிறிது எடுத்து, அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானும் உப்புகளும் சேர்த்துக் குலுக்கி, சுழற்றிப் பிரித்து, மேலே நிற்கும் திரவத்தைத் தூய்மைப்படுத்திக் கருவிக்கு அனுப்புகிறார்கள். 2003இல் வெளியான குவெச்சர்ஸ் என்ற இந்த முறை வந்த பிறகுதான் நூற்றுக்கணக்கான பூச்சிக்கொல்லிகளை ஒரே சாற்றில் தேடுவது எங்கும் வழக்கமானது. கறிவேப்பிலை அந்த முறைக்கு எளிதில் வசப்படாத பொருள் என்று அங்கிருந்த வேதியியலாளர் விளக்கினார். அதிலுள்ள பச்சையமும் மணம் தரும் எண்ணெய்களும் கருவியில் குறுக்கிடுகின்றன; பச்சையத்தை உறிஞ்சி நீக்கக் கரித்தூளைக் கூடுதலாகப் போட்டால், அது சில பூச்சிக்கொல்லிகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே தெரிந்த அளவு மருந்தைச் சுத்தமான இலையில் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று ஒவ்வொரு தொகுதியோடும் சோதித்துப் பார்க்கிறார்கள். அந்த மீட்பு விகிதத்தைக் காட்டும்படி கேட்டபோது தயங்காமல் காட்டினார்கள். கைவேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறை தொடங்குவது விளம்பரத் தாளில். "அனைத்துப் பூச்சிக்கொல்லிகளும்" என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு சோதனை உலகில் எங்கும் கிடையாது. காய்கறி வயல்களில் சர்வ சாதாரணமாக அடிக்கப்படும் பூஞ்சைக்கொல்லியான மேன்கோசெப் பல எச்சங்களை ஒன்றாகத் தேடும் இந்த முறையில் அகப்படாது. அதைச் சிதைத்து, வெளிவரும் கார்பன் டைசல்பைடைத் தனியாக அளக்க வேண்டும். களைக்கொல்லிகளான கிளைபோசேட்டுக்கும் பாராகுவாட்டுக்கும் தனித்தனி முறைகள் உண்டு. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றை நிறுத்தியபோது பேசப்பட்ட, கிருமி நீக்கப் பயன்படும் வாயுவான எத்திலீன் ஆக்சைடுக்கும் வேறு முறைதான். எனவே ஓர் அறிக்கையில் எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தால், தேடிய பட்டியலில் இருந்தவை கிடைக்கவில்லை என்பதே பொருள். பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே இது எனக்குப் புரிந்தது. கட்டணம் கட்டுவதற்கு முன்பே அவர்கள் அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

பத்து நாளில் வரும் என்று சொல்லப்பட்ட அறிக்கை பதினாறாம் நாள் வந்தது. அதில் கறிவேப்பிலைக்கான பக்கம்தான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. வரிசையாக எல்லா வரிகளிலும் பிஎல்கியூ என்று, அதாவது அளவிடக்கூடிய குறைந்தபட்ச அளவுக்குக் கீழே என்று இருந்தது. ஒரு வரியில் மட்டும், பருத்திக்கு வெகுவாக அடிக்கப்படும் ஒரு பூச்சிக்கொல்லிக்கு நேராக, கிலோவுக்கு 0.04 மில்லிகிராம் என்று இருந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில் வரம்பு 0.1 என்றும், கடைசியில் "விதிக்கு உட்பட்டது" என்றும் எழுதியிருந்தார்கள். குழுவில் பலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அந்த 0.1 உறுத்தியது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில், ஒரு பயிருக்கும் ஒரு பூச்சிக்கொல்லிக்கும் சேர்த்துத் தனி வரம்பு இல்லாவிட்டால் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பே பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியமும் இதே எண்ணைத்தான் வைத்திருக்கிறது. 2024 ஏப்ரலில் ஆணையம் நறுமணப் பொருள்களுக்கும் சமையல் மூலிகைகளுக்கும் இந்தப் பொது வரம்பைப் பத்து மடங்கு உயர்த்தி 0.1 ஆக்கியது, அது பரவலான விமர்சனத்தைக் கிளப்பிய பிறகு, இந்தியாவில் பதிவு பெறாத பூச்சிக்கொல்லிகளுக்கு மட்டுமே இந்தத் தளர்வு பொருந்தும் என்று மே மாதத்தில் விளக்கமும் கொடுத்தது. இறக்குமதியாகும் நறுமணப் பொருள்களை மனத்தில் கொண்ட ஏற்பாடு என்று இதை எடுத்துக்கொள்ளலாம். கறிவேப்பிலை நறுமணப் பொருள் வாரியத்தின் பட்டியலில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எங்கள் இலையில் அகப்பட்ட மருந்து இந்தியாவில் பதிவு பெற்று, ஊர் ஊராக மருந்துக் கடைகளில் விற்கப்படுவது. அப்படியானால் அதோடு ஒப்பிட வேண்டிய எண் 0.01. ஒரே 0.04, ஒரு கட்டத்தில் தேறுகிறது. அடுத்த கட்டத்தில் நான்கு மடங்கு மிஞ்சுகிறது. இத்தகைய அளவீடுகளுக்குப் பொதுவாக ஏற்கப்படும் ஐம்பது சதவீத நிச்சயமின்மையைக் கழித்துப் பார்த்தாலும் 0.02 நிற்கிறது.

தொலைபேசியில் கேட்டபோது வாடிக்கையாளர் பிரிவில் கிடைத்த பதில், "அது சாஃப்ட்வேர்ல தானா வர்றதுங்க சார், மசாலாப் பொருள்னு போட்டா அந்த லிமிட்தான் எடுக்கும்" என்பது. மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு தொழில்நுட்ப மேலாளர் பேசினார்; தவற்றை மழுப்பாமல் ஒப்புக்கொண்டு, திருத்திய அறிக்கையைப் புதிய எண்ணோடு அனுப்பிவைத்தார். திருத்தியதற்குக் கட்டணம் கேட்கவில்லை. நான் கேட்டிருக்காவிட்டால் அந்த முதல் அறிக்கை அப்படியே நின்றிருக்கும் என்பதும், எங்களைப் போன்ற வேறு யாரோ அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கடையில் மாட்டியிருப்பார்கள் என்பதும் இன்னும் என்னை நெருடிக்கொண்டிருக்கிறது. கோடிக்கணக்கில் விலை பெறும் கருவி சரியாக அளந்து கொடுத்த எண்ணை, கடைசிக் கட்டத்தில் ஒரு தேர்வுப்பெட்டி கெடுத்துவிட்டது.

இதற்காக அந்த இலையைச் சாப்பிட்டவர்கள் பதற வேண்டியதில்லை. ஒரு நாளில் ஒருவர் ஐந்து கிராம் கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்காமல் மென்று தின்றாலும், 0.04 என்ற கணக்கில் உள்ளே போவது 0.0002 மில்லிகிராம். எச்ச வரம்பு என்பது நஞ்சுக்கும் நஞ்சின்மைக்கும் நடுவே போட்ட கோடு அன்று. பரிந்துரைத்தபடி, பரிந்துரைத்த பயிரில், அறுவடைக்கு முன் விட வேண்டிய நாள்களை விட்டு மருந்து அடித்தால் மிஞ்சக்கூடியது எவ்வளவு என்பதை வயலில் அளந்து பார்த்து, அது உடல்நலத்துக்கு ஒத்துவருகிறதா என்றும் சரிபார்த்து வைக்கும் எண். பொது வரம்பான 0.01 அதைவிடவும் எளிமையானது: இந்த மருந்துக்கு இந்தப் பயிரில் வேலையில்லை என்பதே அதன் பொருள். வரம்பு மீறியது என்றால் முறை மீறியது என்று படிக்க வேண்டும். அறிக்கையின் அடியில் இதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தால் எங்கள் வாட்ஸாப் குழுவில் இரண்டு நாள் நடந்த களேபரம் நடந்திருக்காது.

விவசாயியிடம் திருத்திய அறிக்கையைக் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. சைலிட் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி தாக்கிக் கொழுந்து சுருண்டபோது, கடைக்காரர் கொடுத்ததை ஒரு முறை அடித்ததாகச் சொன்னார். கறிவேப்பிலைக்கென்று எந்த மருந்தைச் சட்டப்படி அடிக்கலாம் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஒரு பூச்சிக்கொல்லியை எந்தப் பயிருக்கு அடிக்கலாம் என்பது அதன் பதிவின்போதே முடிவாகிறது. அதற்கான வயல் ஆய்வுகளுக்குச் செலவழிப்பது விற்கும் நிறுவனம். நெல்லுக்கும் பருத்திக்கும் செலவழிக்கும் நிறுவனங்கள், கறிவேப்பிலை போன்ற சிறு பயிருக்குச் செலவழிப்பதில்லை. அதனால் பயிரை வாங்க ஆள் இருக்கிறார்கள், பூச்சியும் இருக்கிறது, மருந்துக்கு மட்டும் அனுமதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையைப் பல ஆண்டுகளாகக் கூடுதல் எல்லைச் சோதனைப் பட்டியலில் வைத்திருப்பதற்கும், கேரளத்தில் வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வகம் கடைகளில் மாதிரி எடுத்துச் சோதிக்கும்போதெல்லாம் கறிவேப்பிலையின் பெயர் அடிபடுவதற்கும் இது ஒரு முக்கியமான காரணம்.

பாலுக்கு வருகிறேன். 900 ரூபாய்க்கு அவர்கள் செய்தது, பால் சேகரிப்பு நிலையங்களில் பயன்படும் பட்டைச் சோதனைதான்: சில துளிப் பாலில் பட்டையை நனைத்து, கோடு விழுகிறதா என்று பார்ப்பது. அது பென்சிலின் வகையையும் டெட்ராசைக்ளின் வகையையும் மட்டுமே காட்டும். சல்ஃபா மருந்துகள், என்ரோஃப்ளாக்சசின் போன்ற மற்ற ஆன்டிபயாடிக்குகளைக் காட்டாது. அங்கீகாரப் பட்டியலில் இல்லாத மூன்றாவது சோதனை இதுதான். தரம் பிரித்தறிய இது நல்ல கருவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதை "பாலில் ஆன்டிபயாடிக் சோதனை" என்று பெயரிட்டு, எங்கும் விளக்காமல் விற்பது சரியன்று. முடிவு "இல்லை" என்று வந்தது.

உண்மையில் எங்கள் கேள்வியே பிசகு என்று அதற்குப் பிறகு உணர்ந்தேன். 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்து நடத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வில், ஆன்டிபயாடிக் வரம்பை மீறியவை 77. அஃப்ளடாக்சின் எம்1 என்னும் பூஞ்சை நஞ்சின் வரம்பை மீறியவை 368. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88இல் அந்த அஃப்ளடாக்சின் மிகுதி, மாநிலங்களிலேயே அதிகம். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கும் தீவனமும் மாட்டின் வயிற்றுக்குள் போனால், அந்தப் பூஞ்சையின் நஞ்சு உருமாறிப் பாலில் வருகிறது. காய்ச்சினாலும் அது நீங்காது. எங்கள் பால்காரரிடம் நாங்கள் கேட்டிருக்க வேண்டியது மடிநோய்க்கு ஊசி போட்டீர்களா என்பதோடு, பிண்ணாக்கை எங்கே அடுக்கி வைக்கிறீர்கள் என்பதும்தான். ஊசிக்கு ஒரு கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. 2012இல் மருந்து விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, கால்நடை மருந்தின் உறையில் நிறுத்தக் காலம், அதாவது மருந்து கொடுத்த பின் பாலையோ முட்டையையோ இறைச்சியையோ உணவுக்கு எடுக்காமல் விட வேண்டிய நாள்கள், குறிப்பிட்டிருக்க வேண்டும். அந்த மருந்துக்கு அப்படிக் காலம் நிர்ணயிக்கப்படாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். அந்த ஏழு நாள் பாலை எங்கே ஊற்றுவது என்பதற்கு மட்டும் எந்த விதியும் பதில் சொல்வதில்லை. மடிநோய் வந்த மாட்டை வைத்திருப்பவரின் ஒரு வார வருமானம் அது. எங்கள் குழு இப்போது அந்த நாள்களின் பாலுக்கும் பணம் கொடுத்துவிட்டு, பாலை வாங்காமல் விட ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆய்வகத்துக்குக் கொடுத்த 900 ரூபாயைவிட இது பயனுள்ள செலவு என்பது என் கணிப்பு.

முட்டைச் சோதனைதான் மூன்றிலும் சிறப்பாக அமைந்தது. நைட்ரோஃப்யூரான் வகை மருந்துகள் உணவுக்கான விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டவை. மருந்து கோழியின் உடலில் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். ஆனால் அதன் சிதைபொருள்கள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் தங்கும். ஆகவே மாதிரியை அமிலத்தில் ஊறவைத்து, ஒட்டியதைப் பிரித்து, வேறொரு வேதிப்பொருளோடு சேரவிட்டு ஓர் இரவு முழுக்க வெதுவெதுப்பில் வைத்த பிறகே அளக்க முடியும். 4,500 ரூபாய் ஏன் என்பது இதைக் கேட்ட பின் புரிந்தது. நம் நாட்டில் நடவடிக்கைக்கான அளவு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் 2022 நவம்பர் முதல் 0.5. நான்கு சிதைபொருள்களும் 0.5க்குக் கீழே என்று அறிக்கை வந்தது. நான்கில் ஒன்றான செமிகார்பசைடு நைட்ரோஃப்யூரான் இல்லாமலும் வேறு வழிகளில் உணவில் தோன்றக்கூடும் என்பதால், அது தனியாக அகப்பட்டால் அவசரப்பட்டுப் பண்ணையாளர் மீது பாயக் கூடாது என்று வேதியியலாளர் தாமாகவே சொன்னார். அந்தப் பக்குவமான விளக்கம் வாய்வார்த்தையாக நின்றுவிட்டது, அறிக்கையில் ஏறவில்லை.

அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. விவசாயிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் நாமே மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். மீதி மாதிரியை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்; முடிவில் சந்தேகம் வந்து மறுசோதனை கேட்பவர்களுக்கு இது முக்கியமான விவரம்.

தனியாரிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி எச்சங்களுக்கான ஆய்வகம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. விற்பவர் மீது நடவடிக்கை வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத் தனியார் அறிக்கை பெரிதாக உதவாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே விற்பவரிடம் சோதனைக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்க வேண்டும். பொருள் விதிக்கு மாறானது என்று தெரிந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் அதில் உண்டு. எங்களைப் போல, விற்பவரோடு உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் நிலைமையை அறிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு இந்தத் தனியார் நிலையம் ஏற்றதுதான். அளவீட்டை நம்பலாம், ஒப்பீட்டு வரம்பை மட்டும் நாமே சரிபார்க்க வேண்டும்.

மழைக்குப் பின் புதுக்கொழுந்து விடும் பருவத்தில் அதே வயலிலிருந்து இரண்டாவது மாதிரியை அங்கேயே கொடுப்பதாக இருக்கிறோம். இம்முறை விண்ணப்பத்தாளில் மூன்று விஷயங்களை எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்: தேடும் மருந்துகளின் பட்டியல் அறிக்கையோடு இணைக்கப்பட வேண்டும், மேன்கோசெப் தனியாகச் சோதிக்கப்பட வேண்டும், ஒவ்வொரு வரம்புக்கும் எதிரே அது எந்த விதியிலிருந்து எடுக்கப்பட்டது என்று குறிக்கப்பட வேண்டும். பாலுக்குப் பட்டைச் சோதனையை விட்டுவிட்டு அஃப்ளடாக்சினைக் கேட்டிருக்கிறோம்.